பிள்ளை கையில் மாயக்கதை: பிடுங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

2008 மே மாதம். எங்கள் கோயிலில் விபிஎஸ், அதாவது பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி, நடந்துகொண்டிருந்தது. பாளையங்கோட்டை வெயில் தெரிந்ததுதான். இடைவேளையில் பிள்ளைகள் எல்லாரும் வேப்பமரத்தடியில் ரஸ்னா குடித்துக்கொண்டிருக்க, ஏழாம் வகுப்பு முடித்த ஒரு பெண் மட்டும் சுவரோரம் உட்கார்ந்து தடியான ஒரு புத்தகத்தில் முகத்தைப் புதைத்திருந்தாள். ஹாரி பாட்டர், நான்காம் பாகம். பள்ளி நூலகத்தில் லீவுக்கு எடுத்து வந்தது.

அதை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். "இது சூனியக்காரன் கதை. இதைப் படிக்கிற வீட்டில் ஜெபம் நிலைக்காது" என்று எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் சொன்னேன். சாயங்காலம் அவள் அம்மாவிடம் கொடுத்தேன். அவர்கள் அதைக் கிழித்து அடுப்பில் போட்டார்கள். பள்ளி திறந்ததும் புத்தகத்தின் விலையையும் கட்டினார்கள்.

அவள் சண்டே ஸ்கூலை விட்டு நிற்கவில்லை. வசனப் போட்டியில் பரிசு வாங்கினாள், திடப்படுத்தலும் எடுத்தாள். ஆனால் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். அதற்கு முன்பு, பேழைக்கு வெளியே இருந்த மீன்கள் ஜலப்பிரளயத்தில் எப்படிச் சாகும் என்று கேட்டு என்னைத் திணறடித்த பெண் அவள். அந்த அமைதியை நான் நல்லொழுக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

2017இல் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோது, சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "டீச்சர், அந்தப் புக்க நீங்க படிச்சிருந்தீங்களா?" என்று கேட்டாள். குரலில் கோபமே இல்லை. நான் ஒரு பக்கம்கூடப் படித்திருக்கவில்லை.

அந்த வருஷம் ஏழு பாகங்களையும் படித்தேன். அப்புறம் சி.எஸ். லூயிஸின் நார்னியா கதைகள், அப்புறம் இங்கிலாந்து எழுத்தாளர் பிலிப் புல்மனின் மூன்று நாவல்கள். 22 வருஷம் சண்டே ஸ்கூல் நடத்தியவள் என்ற முறையில் பெற்றோர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "இந்த மாயக்கதை எல்லாம் படிச்சா பிள்ளையோட விசுவாசம் கெட்டுப்போகுமா?" கதை பிள்ளையின் மனதைத் தொடும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தொட்ட பிறகு பிள்ளை எந்தப் பக்கம் போகும் என்பது, அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கும் பெரியவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தது. நான் செய்யத் தவறியதை நீங்கள் செய்யும்படி இதை எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் படியுங்கள்

2000ஆம் ஆண்டு தி ஆனியன் என்ற அமெரிக்க நையாண்டிப் பத்திரிகை, ஹாரி பாட்டர் படித்த குழந்தைகள் சாத்தானை வணங்கத் தொடங்கிவிட்டதாக வேடிக்கைக்கு ஒரு கட்டுரை போட்டது. அதில் வந்த குழந்தைகளின் பேட்டிகள் எல்லாம் கற்பனை. ஆனால் அதையே உண்மைச் செய்தி என்று நம்பி விசுவாசிகள் ஒருவருக்கொருவர் மின்னஞ்சலில் அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமொகோர்டோ ஊரில் ஒரு சபையார் அந்தப் புத்தகங்களைத் தீயில் போட்டார்கள். தீ மூட்டிய போதகர் அதுவரை வந்திருந்த நான்கு பாகங்களில் ஒன்றைக்கூடப் படித்ததில்லை என்று செய்திகளில் வந்தது. 2000 முதல் 2009 வரை நூலகங்களில் அதிக எதிர்ப்பைச் சந்தித்த புத்தகங்கள் என்று அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட பட்டியலில் இந்தத் தொடருக்குத்தான் முதலிடம். 2008இல் என் காதுக்கு வந்து சேர்ந்ததும் இந்தப் புகையின் ஒரு இழைதான்.

வாட்ஸ்அப்பில் வரும் எச்சரிக்கையை நம்பி முடிவெடுக்காதீர்கள். முழுப் புத்தகத்துக்கு நேரம் இல்லையென்றால் முதல் 50 பக்கமும் கடைசி 50 பக்கமும் படியுங்கள். கடைசிப் பக்கங்கள் முக்கியம். ஒரு கதை சாவைப் பற்றியும் தியாகத்தைப் பற்றியும் மன்னிப்பைப் பற்றியும் என்ன நினைக்கிறது என்பது அங்கேதான் தெரியும்.

இங்கிலீஷ் வராது என்றால் அதற்கும் வழி உண்டு. பிள்ளையைக் கதை சொல்லச் சொல்லுங்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு அத்தியாயம், தமிழில். உண்மையில் நீங்களே படிப்பதைவிட இது நல்லது. பிள்ளைக்கு எது பெரிதாகத் தெரிந்தது, எதைச் சொல்லாமல் தாண்டிப் போனது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். மகன் வாயால் ஏழு பாகத்தையும் கேட்டு முடித்தார். அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடியே கேட்பாராம்.

படித்தபோது எனக்குக் கிடைத்ததையும் சொல்கிறேன். 2007இல் வந்த ஏழாம் பாகத்தில் கதாநாயகன் ஹாரி தன் அப்பா அம்மாவின் கல்லறையைத் தேடிப் போகிறான். கல்லில் ஒரு வரி வெட்டியிருக்கிறது. படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம்." 1 கொரிந்தியர் 15:26. நம் அடக்க ஆராதனையில் வாசிக்கிற அதிகாரம். அதே கல்லறைத் தோட்டத்தில் இன்னொரு கல்லில் மத்தேயு 6:21, "உங்கள் பொக்கிஷம் எங்கேயிருக்கிறதோ அங்கே உங்கள் இருதயமும் இருக்கும்." இவை எங்கிருந்து வந்த வரிகள் என்று கதையில் யாரும் சொல்வதில்லை. தன் கதையின் கிறிஸ்தவச் சாயல் தனக்கு எப்போதுமே தெளிவாகத் தெரிந்ததுதான் என்று எழுத்தாளர் ரௌலிங் அந்த ஆண்டே பத்திரிகையாளர்களிடம் சொன்னார்.

வசனப் போட்டியில் பரிசு வாங்கிய பெண் அவள். நாங்கள் எரிக்காமல் விட்டிருந்தால் அந்தப் பக்கத்துக்கு வந்திருப்பாள், கண்டுபிடித்திருப்பாள், "டீச்சர், இங்க பாருங்க" என்று ஓடி வந்திருப்பாள். அது என் வகுப்பில் நடந்திருக்க வேண்டிய விஷயம்.

சின்னப் பிள்ளைகளுக்கு: என்ன வகைக் கதை என்று சொல்லுங்கள்

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மந்திரக்கோல் பொய் என்று தெரியும். ஐந்து, ஆறு வயதில் நிலைமை வேறு. கேத்லீன் கொரிவோ, பால் ஹாரிஸ் முதலிய ஆய்வாளர்கள் அமெரிக்காவில் அந்த வயதுக் குழந்தைகளிடம் கதைகளைச் சொல்லி, இதில் வருகிறவர் நிஜ ஆளா கற்பனை ஆளா என்று கேட்டார்கள். கோயிலுக்குப் போகும் குடும்பத்துக் குழந்தைகளும், மதப் பள்ளியில் படிக்கும் குழந்தைகளும், நடக்கவே முடியாத அதிசயம் வரும் கதையில்கூட ஆளை நிஜம் என்று சொன்னது அதிகம்.

இதைப் படித்து நான் பயப்படவில்லை. சமுத்திரம் பிளந்தது என்று நாமே சொல்லிக்கொடுத்த பிள்ளை, துடைப்பம் பறந்தது என்றால் ஏன் நம்பக் கூடாது? அதனால் வித்தியாசத்தைச் சொல்வது நம் வேலை. புத்தகத்தின் அட்டையைத் திருப்பி எழுதியவரின் படத்தைக் காட்டுங்கள். "இந்த ஆன்ட்டி யோசிச்சு யோசிச்சு எழுதின கதை, நடந்தது இல்ல" என்று சொல்லுங்கள். வேதாகமக் கதையைச் சொல்லும்போது "இது நடந்ததுன்னு நாம விசுவாசிக்கிறோம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே குரலில் சொல்லி ஒரே பெட்டியில் போட்டுவிட்டால், ஒருநாள் பிள்ளை இரண்டையும் சேர்த்தே வெளியே எறிந்துவிடும்.

வேதத்துக்குள்ளேயே கற்பனைக் கதை இருக்கிறது என்பதையும் காட்டுங்கள். நியாயாதிபதிகள் 9ஆம் அதிகாரத்தில் யோதாம் மலையுச்சியில் நின்று சொல்லும் கதையில், மரங்கள் தங்களுக்கு ராஜா தேடி ஒலிவமரத்திடமும் அத்திமரத்திடமும் திராட்சச்செடியிடமும் போய், கடைசியில் முட்செடியிடம் வந்து நிற்கும். மரம் பேசியது பொய், ஆனால் யோதாம் சொன்னது உண்மை. ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு இது புரிகிறது. நான் வகுப்பில் நடிக்கவே வைத்திருக்கிறேன், முட்செடி வேஷத்துக்குத்தான் போட்டி.

ஏழு எட்டு வயதுப் பிள்ளை ராத்திரி பயந்து எழுந்தால் அந்தப் புத்தகத்தை இரண்டு வருஷம் தள்ளி வையுங்கள். தூக்கம் கெடுகிறது என்பதுதான் காரணம். அதையே காரணமாகச் சொல்லுங்கள், பிசாசை இழுக்காதீர்கள்.

சூனியம் என்ற கேள்வியை நேராக எடுங்கள்

உபாகமம் 18ஐத் திறந்து பிள்ளையோடு சேர்ந்து வாசியுங்கள். குறிசொல்லுகிறவன், நாள்பார்க்கிறவன், அஞ்சனம் பார்க்கிறவன், சூனியக்காரன், மந்திரவாதி, செத்தவர்களிடத்தில் குறிகேட்கிறவன் என்று ஒரு வரிசை வரும். வாசித்துவிட்டு, "இதுல எது நம்ம ஊர்ல நிஜமா நடக்குது?" என்று கேளுங்கள். நான் கேட்டபோது ஒரு பையன் சட்டென்று, "எங்க வீட்டு பால்காய்ப்புக்கு நாள் பார்த்தாங்க டீச்சர்" என்றான். வகுப்பே அமைதியானது. கோயிலுக்குத் தவறாமல் வரும் குடும்பம் அது. நாவலைத் தொட்டால் தோஷம் என்று பயப்படுகிற நம் வீடுகளில் நாள் பார்ப்பதும் கறுப்புக் கயிறு கட்டுவதும் சத்தமில்லாமல் நடக்கிறது. பிள்ளைகள் இதைப் பார்த்துக்கொண்டேதான் வளர்கிறார்கள். 2015இல் இரண்டு பென்சிலைக் குறுக்கே வைத்து ஆவியைக் கூப்பிடும் ஒரு விளையாட்டு செல்போன் வழியாக உலகம் முழுக்கப் பரவியது. அதை எந்த நாவலும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பிள்ளை கதையில் வந்த சாபத்தை நிஜமாகவே யார் மேலாவது சொல்லிப் பார்த்தால், மந்திரத்தைக் கண்டிப்பதற்கு முன் யார் மேல் என்று கேளுங்கள். என்னிடம் படித்த ஒன்பது வயதுப் பையன் ஒருவன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பெயரை எழுதி, சுற்றிலும் கட்டம் கட்டி, கீழே மந்திரம் எழுதியிருந்தான். மெதுவாகக் கேட்டதில், அந்தப் பெயருக்குரிய பெரிய பையன் வேனில் தினமும் இவனை அடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அம்மாவும் அப்பாவும் போய்ப் பேசி வேனை மாற்றினார்கள். மந்திரம் எழுதுவது தானாக நின்றது.

கேள்வி கேளுங்கள், பாடம் எடுக்காதீர்கள்

"இந்தக் கதையின் நீதி என்ன?" என்று கேட்டீர்கள் என்றால் பிள்ளை புத்தகத்தை மூடிவிடும். நான் கேட்பவை இவை: இதில் ரொம்பத் தனியா இருக்கிறது யாரு? யாரைக் கண்டா உனக்குப் பயம்? செத்தவங்க எங்க போறதா இந்தக் கதை சொல்லுது? கஷ்டம் வந்தா இவங்க யார்கிட்ட பேசுவாங்க? கடைசிக் கேள்வி நல்ல கேள்வி. ஜெபமே இல்லாத ஒரு உலகம் எப்படி இருக்கும் என்று பிள்ளை தானாக யோசிக்கத் தொடங்கும். பதில் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். இரண்டு நாள் கழித்து பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு பதில் சொல்வார்கள்.

நார்னியா விஷயத்தில் நம்மவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. சி.எஸ். லூயிஸ் கிறிஸ்தவர் என்று தெரிந்ததும் படத்தைப் போட்டுவிட்டு, கதையில் அஸ்லான் என்ற சிங்கம் வருவதற்கு முன்பே "சிங்கம்தான் இயேசு" என்று சொல்லிவிடுகிறோம். விடுகதை போடும்போதே விடையையும் சொல்வது போலத்தான் அது. அந்தக் கதையே லூயிஸுக்குப் பிரசங்கமாகத் தொடங்கவில்லை. பனிக்காட்டில் குடையும் பொட்டலங்களுமாக நடக்கும் ஒரு ஆட்டுக்கால் மனிதனின் உருவம் பதினாறு வயதிலிருந்து தன் மனதில் இருந்தது என்றும், அதிலிருந்தே கதை பிறந்தது என்றும் அவர் எழுதியிருக்கிறார்.

1955இல் ஒரு அமெரிக்கத் தாய் அவருக்குக் கடிதம் எழுதினார். அவருடைய ஒன்பது வயது மகனுக்கு ஒரு பயம்: இயேசுவைவிட அந்தச் சிங்கத்தை அதிகமாக நேசிக்கிறேனோ, அது விக்கிரக ஆராதனை ஆகிவிடுமோ! லூயிஸ் பதில் எழுதினார். சிங்கம் செய்ததும் சொன்னதுமாக எவற்றையெல்லாம் அந்தப் பையன் நேசிக்கிறானோ அவை இயேசு உண்மையில் செய்தவையும் சொன்னவையுமே, அதனால் சிங்கத்தை நேசிப்பதாக நினைக்கும்போதும் அவன் நேசிப்பது இயேசுவைத்தான் என்பது அந்தப் பதிலின் சாரம். இந்தக் கடிதத்தை நான் எத்தனையோ பெற்றோரிடம் சொல்லியிருக்கிறேன். அந்தத் தாய் செய்ததைக் கவனியுங்கள். மகன் பயத்தை வெளியே சொல்லும் அளவுக்கு அந்த வீட்டில் இடம் இருந்தது. அவர் புத்தகத்தை எடுத்து ஒளித்து வைக்கவில்லை. எழுதியவரிடமே கேட்டார்.

எழுத்தாளர் நிஜமாகவே விசுவாசத்துக்கு எதிராக எழுதியிருந்தால்

அப்படியும் புத்தகங்கள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. 1995இல் தொடங்கிய புல்மனின் தொடரில் திருச்சபைதான் கொடுமைக்காரக் கூட்டம். கடவுள் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர் கிழடுதட்டி, பலமிழந்து, காற்றில் கரைந்துபோவார். 2007இல் முதல் நாவல் படமாக வந்தபோது அமெரிக்காவில் கத்தோலிக்க லீக் என்ற அமைப்பு புறக்கணிக்கச் சொன்னது.

அதற்கு மூன்று வருஷம் முன்பே அப்போது ஆங்கிலிக்கன் சபையின் தலைமைக் குருவாக, கான்டர்பரி பேராயராக இருந்த ரோவன் வில்லியம்ஸ் வேறு வழியில் போயிருந்தார். லண்டன் நேஷனல் தியேட்டரில் இந்தக் கதை நாடகமாக நடந்தபோது போய்ப் பார்த்தார், பாராட்டினார், அதே அரங்கில் புல்மனோடு உட்கார்ந்து பொதுவில் உரையாடினார். இந்தக் கதையில் சாகிற கடவுள் எப்படிப்பட்டவர் என்பதுதான் அவர் நம்மைப் பார்க்கச் சொன்ன இடம். பலமிழந்து சாகக்கூடிய ஒரு அதிகாரி அவர், நாம் தொழுகிறவர் அல்ல.

பதினான்கு வயதுக்கு மேற்பட்ட என் வகுப்பில் இதே கேள்வியைப் போட்டேன். ஒரு பையன் நேராகப் பார்த்துச் சொன்னான்: "நம்ம ஆளுங்க சொல்ற கடவுள் அந்தக் கிழவன் மாதிரிதான் டீச்சர் இருக்காரு. எப்பப் பாத்தாலும் தண்டனை." எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் சொன்னது புத்தகத்தைப் பற்றி இல்லை. அவன் வீட்டைப் பற்றி, எங்கள் பிரசங்கத்தைப் பற்றி, 2008இல் நான் பேசிய பேச்சைப் பற்றியும்தான். புத்தகம் இல்லாவிட்டால் அவன் அதைச் சொல்லியிருக்கவே மாட்டான்.

இந்த மாதிரிப் புத்தகத்தைப் பத்து வயதில் தானாக எடுத்துக் கொடுக்க மாட்டேன். பதினான்கில் கேட்டால் தடுக்க மாட்டேன், கூடவே படிப்பேன்.

வீட்டில் எதிர்ப்பு வந்தால்

ஆச்சிமார்தான் முதலில் கேட்பார்கள். அவர்களிடம் மோட்சப் பிரயாணத்தைப் பற்றிப் பேசுங்கள். ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட கதை அது. எங்கள் ஆச்சி அதில் வரும் அப்பொல்லியோனை வர்ணித்தால் நாங்கள் போர்வைக்குள் புகுந்துகொள்வோம்: மீன் மாதிரி செதில், பறவைநாகத்தின் சிறகு, கரடிக் கால், சிங்க வாய். மாயக்கதை இல்லாமல் வேறென்ன அது? திருநெல்வேலிக்காரரான எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை அந்தக் கதையைத்தான் தமிழ்க் காப்பியமாக்கி 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்று தந்தார். நம் விசுவாசம் ராட்சதனும் பறவைநாகமும் வரும் கதையைச் சாப்பிட்டு வளர்ந்தது என்று ஆச்சியிடமே சொல்லலாம், ஒத்துக்கொள்வார்கள்.

அப்பாமார் "இதெல்லாம் நீ பாத்துக்கோ" என்று நகர்ந்துவிடுவார்கள். விடாதீர்கள். வெர்ன் பெங்ட்சன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1970இல் தொடங்கி 35 ஆண்டுகள் தெற்குக் கலிபோர்னியாவில் குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து கவனித்தார். பெற்றோரோடு, அதிலும் அப்பாவோடு, நெருக்கமும் பாசமும் உள்ள பிள்ளைகள்தான் பெற்றோரின் விசுவாசத்தில் அதிகம் நிலைத்தார்கள் என்பது அவர் கண்டது. அப்பா கதை கேட்க உட்காரட்டும், பத்து நிமிஷம் போதும்.

உடனே பலனை எதிர்பார்க்காதீர்கள், பயத்தையும் அளக்காதீர்கள். லூயிஸ் சபையில் வளர்ந்து பதின்வயதில் நாத்திகரானவர். 1916இல் ரயில் நிலையப் புத்தகக் கடையில் ஜார்ஜ் மெக்டொனால்டின் ஒரு மாயக்கதையை வாங்கினார். தன் கற்பனைக்கு அதுதான் ஞானஸ்நானம் கொடுத்தது என்று பின்னாளில் எழுதினார். ஆனால் கிறிஸ்தவரானது 1931இல். நடுவில் 15 வருஷம். புல்மனோ, பாதிரியாரான தாத்தாவின் மடியில் கதை கேட்டு வளர்ந்தவர். போன பாதை நேர் எதிர்.

ஏற்கெனவே பிடுங்கிவிட்டீர்கள் என்றால், திருப்பிக் கொடுங்கள். கிழித்திருந்தால் புதிதாக வாங்கிக் கொடுங்கள். "படிக்காமலே சொல்லிட்டேன், தப்பு என் மேல" என்று அதே ஆட்கள் முன்னால் சொல்லுங்கள். எனக்கு அந்த வேப்பமரத்தடிக் கூட்டத்தைத் திரும்பக் கூட்ட முடியவில்லை. அவள் வீட்டுக்கு நான்காம் பாகம் ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். அவள் அம்மாவும் இருந்தார். அந்த அம்மா முன்னால்தான் சொன்னேன். அவர்தான் முதலில் அழுதார். அவள் உள்ளே போய்த் தன் ஏழாம் பாகத்தை எடுத்து வந்து ஒரு பக்கத்தைத் திறந்தாள். கல்லறை வசனத்தின் கீழே பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் 1 கொரி. 15:26 என்று எழுதியிருந்தது, பள்ளிக்கூடக் கையெழுத்தில்.

"யார்கிட்டயும் காட்டல டீச்சர்" என்றாள்.